அடைப்பதும் அரிப்பதும்

2024 செப்டம்பர் 30 அன்று ரஜினிகாந்த் சென்னை கிரீம்ஸ் சாலை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இதயத்திலிருந்து புறப்படும் முதன்மை ரத்தக்குழாயான பெருந்தமனியில் வீக்கம் இருந்தது என்றும், மூத்த இதயநோய் மருத்துவர் சாய் சதீஷ் உடலைத் திறக்காமலே குழாய் வழியாக ஸ்டென்ட் வைத்து அந்த வீக்கத்தை அடைத்துவிட்டார் என்றும் மறுநாள் வந்த மருத்துவமனை அறிக்கை சொன்னது. அவருக்கு அது எதனால் வந்தது என்று ஆராய்வது நம் வேலையல்ல. ஆனால் ஸ்டென்ட் என்ற சொல் காதில் விழுந்ததுமே நம்மில் பலருக்கு ‘அடைப்பு’ என்ற சொல்லும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகிறது. போர் தண்ணீர் ஓடும் குழாயில் உப்புப் படிந்து துளை சிறுத்துப்போவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். கொலஸ்ட்ராலையும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம்: படியும், அடைக்கும், நெஞ்சு வலிக்கும், பலூன் வைத்து விரிப்பார்கள். பெருந்தமனியில் வரும் வீக்கம் இதற்கு நேரெதிர். அங்கே குழாய் சிறுத்துப்போவதில்லை, விரிந்துபோகிறது. அதிலும், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொலஸ்ட்ராலுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கைப் புரிந்துகொள்ள, படிவது என்ற படத்தை விட்டு அரிப்பது என்ற படத்துக்கு நாம் நகர வேண்டும். அந்த அரிப்பைத் தடுக்கக்கூடிய காலமும் நாம் நினைப்பதைவிட வெகு முன்னதாகவே கடந்துவிடுகிறது. இந்த இரண்டையும்தான் இங்கே சான்றுகளோடு சொல்லப் பார்க்கிறேன்.

பெருந்தமனி இதயத்திலிருந்து மேலெழுந்து, வளைந்து, மார்பின் பின்புறமாக இறங்கி, வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி ஓடி, தொப்புள் உயரத்தில் இரு கால்களுக்குமாகப் பிரிகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். 3 சென்டிமீட்டரை எட்டினால் அதைத் தமனிவீக்கம் என்கிறார்கள்; மருத்துவர்கள் வாயில் அனியூரிசம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இதயம் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இந்தக் குழாய் கொஞ்சம் விரிந்து மீண்டும் சுருங்க வேண்டும். அந்த வேலைக்காகவே அதன் சுவரின் நடு அடுக்கில் எலாஸ்டின் என்ற மீள்நார்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெளி அடுக்கில் கொலாஜன் என்ற உறுதியான நார்கள். இந்த எலாஸ்டினைப் பற்றி ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு வரும் வாதமெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. உடல் அதைப் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் செய்து முடித்துவிடுகிறது. வளர்ந்த பிறகு அறுந்துபோன மீள்நாருக்குப் பதிலாக அதே தரத்தில் புதியது வருவதில்லை. டயர் நூல் விட்டுப்போன இடத்தில் சைக்கிள் டியூப் பிதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிதுங்கப் பிதுங்க அந்த இடத்தின் ரப்பர் இன்னும் மெலிகிறது, காற்றின் அழுத்தம் அதே அளவாக இருந்தாலும் அந்த இடத்தின் மேல் விழும் இழுவிசை கூடிக்கொண்டே போகிறது. தமனியிலும் அதுவே நடக்கிறது. பெரும்பாலும் வலி இல்லை, அறிகுறி இல்லை. வெடித்துவிட்டால், பெரும்பாலோர் உயிரோடு அறுவை மேசைக்கு வந்து சேர்வதில்லை.

நெடுங்காலம் பாடநூல்கள் வயிற்றுத் தமனிவீக்கத்தைக் கொழுப்புப் படிவு நோயின் ஒரு கிளையாகவே எழுதி வந்தன. அதற்குக் காரணமும் இருந்தது. இந்த நோயாளிகளின் தமனியைத் திறந்தால் உள்ளே கொழுப்புப் படிவு இருக்கும். பலருக்கு மாரடைப்பும் வந்திருக்கும். ஆனால் உற்றுப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் எழுந்தது. கொழுப்புப் படிவது சுவரின் உள் அடுக்கில், சிதைவதோ நடு அடுக்கும் வெளி அடுக்கும். கொழுப்புப் படிவால் கால் தமனிகள் அடைத்துக்கொண்ட எத்தனையோ பேருக்கு வயிற்றுத் தமனி விரிவதே இல்லை. ஒரே நோய் ஓரிடத்தில் குழாயைச் சுருக்கி, இன்னோரிடத்தில் ஏன் விரிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் 1990-களில் ரத்தநாள வல்லுநர்கள் பலர் பழைய பெயரைக் கைவிட்டு, இதைத் தனி நோயாகவே பேசத் தொடங்கினார்கள். கவனம் கொழுப்பிலிருந்து அழற்சிக்குத் திரும்பியது.

அழற்சி என்பது உடலின் காவல் வேலை. காயம் பட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்குவது அதனால்தான். வெள்ளையணுக்கள் அங்கே குவிந்து, சிதைந்ததைத் தின்று, இடத்தைச் சுத்தம் செய்கின்றன. அறுவையில் எடுத்த தமனிவீக்கச் சுவரை நுண்ணோக்கியில் பார்த்தபோது இந்தக் காவலர்கள் அங்கே கூட்டமாக இருந்தார்கள், அதுவும் வந்த வேலையை முடித்துக்கொண்டு திரும்பிப் போகாமல். பெருவிழுங்கிகள் எனப்படும் வெள்ளையணுக்கள் நார்களை அறுக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. எலாஸ்டின் அறுகிறது. அறுந்த துண்டுகளே இன்னும் பல வெள்ளையணுக்களை அழைக்கின்றன. புதிய நாரைச் செய்ய வேண்டிய தசைச் செல்கள் மடிகின்றன. கரையான் புகுந்த நிலைப்படி இப்படித்தான்: மேலே பூச்சு நன்றாகவே இருக்கும், உள்ளே மரம் இருக்காது.

கொலஸ்ட்ரால் இல்லாமலே அழற்சி மட்டும் தமனியை அழிக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் டகயாசு விவரித்த நோய் ஆசியப் பெண்களை, அதுவும் இளவயதில், அதிகம் தாக்குவது. பெருந்தமனியிலும் அதன் கிளைகளிலும் அழற்சி மூண்டு, சில இடங்களில் குழாய் சுருங்கும், சில இடங்களில் புடைக்கும். கையில் நாடியே பிடிபடாமல் போவதும் உண்டு. இந்த நோய் எந்த அளவுக்கு முனைப்பாக இருக்கிறது என்று மதிப்பிட இன்று பயன்படும் இந்திய அளவுகோலை உருவாக்கியதில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வாதநோய்ப் பிரிவுக்குப் பெரும் பங்கு உண்டு. இருபது வயதுப் பெண்ணின் தமனி புடைப்பதற்குக் கொலஸ்ட்ராலைக் குற்றம் சொல்ல முடியாது. பென்சிலின் வருவதற்கு முன்னால் மேகநோய்க் கிருமியும் மார்புத் தமனியில் இதே வேலையைச் செய்தது. ஆக, சுவரை அரிப்பது அழற்சி. அழற்சியை அங்கே கூப்பிடுவது யார் என்பதுதான் மீதமுள்ள கேள்வி. அந்த இடத்தில் கொலஸ்ட்ரால் மறுபடி கதைக்குள் வருகிறது.

கெட்ட கொலஸ்ட்ரால் என்று நாம் சொல்லும் எல்டிஎல் துகள்கள் தமனிச் சுவருக்குள் நுழைந்து தங்கும்போது வேதிமாற்றம் அடைகின்றன. வெள்ளையணுக்கள் அவற்றை அந்நியப் பொருளாகக் கண்டு விழுங்குகின்றன. விழுங்கி, செரிக்க முடியாமல் உப்பிப்போகின்றன. செல்லுக்குள் சேரும் கொலஸ்ட்ரால் படிகங்களே அழற்சியின் அபாய மணியை அடிக்கின்றன என்பதை 2010-இல் வந்த ஆய்வுகள் காட்டின. கொலஸ்ட்ராலை வெறும் படிவாக நினைப்பது பாதி உண்மைதான். காவலர்களை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் பொய்யான கூக்குரலாகவும் அது வேலை செய்கிறது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டாஹெர்ட்டி என்ற ஆய்வாளரின் குழு, ரத்தக் கொழுப்பு மிகுந்திருக்கும்படி மரபணு மாற்றிய எலிகளுக்கு ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனைத் தொடர்ந்து செலுத்தியது. எலிகளின் வயிற்றுப் பெருந்தமனி புடைத்தது. அதே ஹார்மோனைச் சாதாரண எலிகளுக்குக் கொடுத்தால் புடைப்பு வருவது குறைவு. ஹார்மோன் ஒரு பக்கம், கொழுப்பு ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தபோதுதான் சுவர் முழுமையாகத் தோற்றது.

எலியை வைத்து மனிதனைப் பற்றி முடிவு கட்டலாமா என்று கேட்பது நியாயம். மரபணு ஆய்வுகள் அதற்கு ஓரளவு பதில் வைத்திருக்கின்றன. சிலருக்குப் பிறவியிலேயே எல்டிஎல் சற்றுக் குறைவாக இருக்கும்படியான மரபணு வாய்க்கிறது, சிலருக்குச் சற்றுக் கூடுதலாக. யாருக்கு எது என்பது குலுக்கல் சீட்டுப் போல. அவர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு சம்பாதித்தார் என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆகவே இரு பிரிவினரையும் ஒப்பிட்டால் கொலஸ்ட்ராலின் தனிப்பங்கு தெரியும். 2018-இல் வெளியான இத்தகைய ஆய்வு, பிறவியிலேயே எல்டிஎல் குறைந்தவர்களுக்கு வயிற்றுத் தமனிவீக்கமும் குறைவு என்று கண்டது. 2023-இல் தமனிவீக்கம் உள்ள சுமார் 39,000 பேரையும் இல்லாத பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வில், ஆபத்தோடு தொடர்புள்ள மரபணு இடங்களில் பல கொழுப்பைக் கையாளும் மரபணுக்களாகவே இருந்தன. கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்வதைத் தடுக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதம் அதில் முன்னுக்கு வந்து நின்றது. அந்தப் புரதம் இல்லாத எலிகளில் புடைப்பு குறைந்தது. 1990-களில் வாசல்வரை அனுப்பப்பட்ட கொலஸ்ட்ரால் இப்படித்தான் திரும்பி வந்தது, ஆனால் வேறு வேடத்தில்.

இதற்கு வலுவான மறுப்புகள் இருக்கின்றன. முதலாவது, சர்க்கரை நோயாளிகள். மாரடைப்பு அவர்களுக்குக் கூடுதல். வயிற்றுத் தமனிவீக்கமோ குறைவு. ஆய்வுக்கு ஆய்வு இது திரும்பத் திரும்ப வருகிறது. கொலஸ்ட்ரால்தான் காரணமென்றால் இது எப்படி? மிகுந்த சர்க்கரை கொலாஜன் நார்களோடு ஒட்டி, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து விறைக்கச் செய்கிறது; விறைத்த நாரை நொதியால் எளிதில் அறுக்க முடிவதில்லை. மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். அழைப்பு மணி அடித்தாலும் சுவர் அரிபடாமல் நிற்கிறது என்பதே இதன் பொருள். மணி அடிக்கவில்லை என்று இதிலிருந்து சொல்ல முடியாது. (இதைப் படித்துவிட்டுச் சர்க்கரை இருப்பது நல்லது என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். மாரடைப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் அந்தச் சலுகையைப் பல மடங்காகத் திருப்பி வாங்கிவிடும்.)

இரண்டாவது மறுப்பு நம்மைப் பற்றியது. இதயநோய் தெற்காசியர்களுக்கு அதிகம். வயிற்றுத் தமனிவீக்கமோ நம்மவர்களிடம் அரிது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் சுமார் 19,000 ஆண்களை ஸ்கேன் செய்து பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையர்களிடம் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவே ஆசிய ஆண்களிடம் இருந்தது. இதை மறைத்துவிட்டு எழுதினால் வாசகரைப் பயமுறுத்துவதாகும். பொறி மட்டும் விழுந்தால் போதாது, பற்றிக்கொள்ளும் விறகும் வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். மரபு, ஆண் என்பது, வயது, எல்லாவற்றுக்கும் மேலாகப் புகை. தமனிவீக்கத்துக்குப் புகைபிடித்தலைவிடப் பெரிய தவிர்க்கக்கூடிய காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. புகை எல்டிஎல் துகள்களை மாற்றிக் கெடுக்கிறது, வெள்ளையணுக்களை உசுப்புகிறது, எலாஸ்டினைக் காக்கும் புரதத்தை முடக்குகிறது. மூன்று வேலையையும் ஒன்றாகச் செய்கிறது. மக்கள்தொகை முழுவதற்குமான சராசரி, நாற்பது ஆண்டு பீடி குடித்த ஒருவருக்குப் பொருந்தாது. எல்லோருக்கும் பரிசோதனை என்பது நம் ஊரில் வீண் செலவு. குறிப்பிட்ட சிலருக்குப் பரிசோதனை என்பது மிக நியாயமானது.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. அழற்சிதான் அரிக்கிறதென்றால், அழற்சியை அடக்கும் மருந்து கொடுத்தால் வீக்கம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நாரறுக்கும் நொதிகளைத் தடுக்கக்கூடிய டாக்சிசைக்ளின் மாத்திரையை நெதர்லாந்தில் 286 பேரிடம் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வீக்கம் சற்றுக் கூடுதலாகவே வளர்ந்திருந்தது. அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகள் நடந்த இன்னொரு சோதனையும் 2020-இல் கைவிரித்தது. இத்தனைக்கும் இதய நோயில் இதே எண்ணம் வென்றிருக்கிறது: மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேரிடம் அழற்சியைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தைச் சோதித்து 2017-இல் வெளியான முடிவில், கொலஸ்ட்ரால் கொஞ்சமும் குறையாமலே அடுத்த மாரடைப்புகள் குறைந்தன. அங்கே பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை?

இதற்கு விடை காலத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிறவிமரபணு ஆய்வு அளப்பது முதல் நாளிலிருந்து அறுபது எழுபது ஆண்டுகள் சுவர் பட்ட பாட்டை. மருந்துச் சோதனை தொடங்குவதோ குழாய் நாலு சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்த பிறகு. அப்போது எலாஸ்டின் பெரும்பாலும் போய்விட்டது. அது திரும்ப வராது. கரையான் தின்று முடித்த பிறகு மருந்தடித்தால் கரையான் சாகும், மரம் முளைக்காது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் அழற்சி அரிப்பதோடு, தழும்பு கட்டி ஒட்டுப்போடவும் செய்கிறது. 1948 டிசம்பரில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்த அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிசன், புடைத்திருந்த தமனியைச் செலஃபேன் தாளால் சுற்றினார். தாள் அங்கே எரிச்சலூட்டி, அழற்சியை வேண்டுமென்றே கிளப்பி, தழும்பு நாரால் சுவரைத் தடிக்கச் செய்யும் என்பதே அந்த முறையின் கணக்கு. ஐன்ஸ்டைன் அதன் பிறகு ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் அது வெடித்தபோது மறுபடி அறுவை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 18-ஆம் தேதி இறந்தார். முற்றிய வீக்கத்தில் அழற்சியைக் கண்மூடி அடக்கினால் அரிக்கும் கையோடு ஒட்டுப்போடும் கையையும் கட்டிவிடுகிறோமோ என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வீக்கத்தின் வளர்ச்சியைத் தடுக்குமா என்பதிலும் ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. அந்த நோயாளிகளுக்கு இதயத்துக்காகவே ஸ்டாட்டின் தேவைப்படுவதால், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்துச் சோதிப்பது தர்மமாகாது. தெளிவான விடை கிடைக்காததற்கு அதுவும் காரணம். ஆனால் சிறிய தமனிவீக்கம் உள்ளவர்களில் பலரைக் கொண்டுபோவது அந்த வீக்கம் வெடிப்பதல்ல, மாரடைப்பும் பக்கவாதமும். எனவே வீக்கம் சுருங்கவில்லை என்று ஸ்டாட்டினை நிறுத்துவது தவறு. ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும்: இதுவரை பேசியது பெரும்பாலும் வயிற்றுப் பகுதிக்கே பொருந்தும். இதயத்தை விட்டு மேலெழும் முதல் பகுதியில் வரும் வீக்கத்தில் கொலஸ்ட்ராலுக்குச் சொல்லத்தக்க பங்கு இல்லை. அங்கே மார்ஃபான் போன்ற பிறவிக் குறைபாடுகளும் உயர் ரத்த அழுத்தமும்தான் முன்னால் நிற்கின்றன.

இப்போது சென்னைக்கு மேற்கே உள்ள ஆவடி, அண்ணனூர், அம்பத்தூர் வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். 1960-களில் எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும், அண்ணனூர் மின்ரயில் பணிமனையும் தலைமுறை தலைமுறையாக ஆண்களை வேலைக்கு எடுத்த இடங்கள். அவர்களில் ஓய்வுபெற்று அறுபத்தைந்தைக் கடந்து வீட்டில் இருப்பவர்கள் ஏராளம். டீக்கும் சிகரெட்டுக்குமாக ஷிப்ட் இடைவேளையைக் கழித்தவர்கள் அவர்களில் கணிசம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தமும் 24 சதவீதத்தினருக்கு அதிகக் கொலஸ்ட்ராலும் இருப்பதாகச் சொன்னது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. பிரஷர் மாத்திரை தமனிச் சுவரையும் காக்கிறது என்பதை அந்த வாசலில் யாராவது சொன்னால், மாத்திரையைப் பாதியில் நிறுத்துபவர்கள் குறைவார்கள். இன்னொரு எச்சரிக்கை: காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நாமாக மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளைத் தமனிவீக்கம் உள்ளவர்கள், வரும் வாய்ப்புள்ளவர்கள் வேறு வழி இருக்கும்வரை தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது.

மருந்தால் நிறுத்த முடியாத நோயை முன்கூட்டியே கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் பெரிது. பிரிட்டனில் 65 முதல் 74 வயதுள்ள 67,800 ஆண்களை வைத்து நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒருமுறை வயிற்று ஸ்கேனுக்கு அழைக்கப்பட்டவர்களில் தமனிவீக்க மரணங்கள் 42 சதவீதம் குறைந்தன. சிறிய வீக்கத்துக்கு அறுவை தேவையில்லை. அவ்வப்போது அளந்து பார்த்தால் போதும். ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரை எட்டினால், ஸ்டென்ட் வைத்தோ அறுவை செய்தோ சரிசெய்வார்கள். கல்லடைப்புக்காகவோ புராஸ்டேட்டுக்காகவோ வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் முதியவர்கள் நம்மிடம் நிறையப் பேர். பெருந்தமனியின் அகலத்தையும் அந்த அறிக்கையிலேயே எழுதித் தரும்படி கேட்கலாம். அதற்குத் தனி ஊசி, தனி மருந்து, தனி நாள் எதுவும் தேவையில்லை.

முப்பது வயதில் இருப்பவர் புகையை நிறுத்தி, எல்டிஎல்லைப் பார்த்துக்கொண்டால் சுவர் அரிபடாமலே இருக்க வாய்ப்புண்டு. அறுபத்தைந்தைக் கடந்த ஆண், எப்போதாவது புகைத்தவர், அல்லது அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தது என்றால், ஒருமுறை அளந்து பாருங்கள். அண்ணனூரில் மின்ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. ரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்று அங்கே தனித் துறை இருக்கிறது.